நாட்டுக்கொரு கோப்பை

1951ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒருநாள், டோக்கியோவை ஒட்டி ஓடும் தாமா ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போனார் அகிரா குரோசாவா. மனம் சரியில்லை. தஸ்தயேவ்ஸ்கியின் ‘அசடன்’ நாவலை வைத்து அவர் எடுத்த படத்தை ஸ்டூடியோ கண்டபடி வெட்டி வெளியிட்டிருந்தது, படமும் எடுபடவில்லை. அடுத்த படம் தருவதாகச் சொன்ன டாயே நிறுவனம் பேச்சை மாற்றிவிட்டது. தூண்டிலை வீசினார். எதிலோ சிக்கி நரம்பு அறுந்தது. கையில் மாற்று நரம்பும் இல்லை. நேரம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பினால், மனைவி வாசலுக்கு ஓடிவந்து வாழ்த்துச் சொல்கிறார். எதற்கு வாழ்த்து என்று எரிச்சலாகக் கேட்கிறார் இவர். ‘ரஷோமோன்’ வெனிஸில் பெரிய பரிசு வாங்கிவிட்டதாம். அந்தப் படம் வெனிஸுக்குப் போனதே அவருக்குத் தெரியாது.

குரோசாவா தன் வாழ்க்கை வரலாற்றில் சொல்லும் சம்பவம் இது. உலகத்தின் மிகப் பழைய திரைப்பட விழாவில் தன் படம் போட்டியிடுவது அதை எடுத்தவருக்கே தெரியாமல் இருக்க முடியுமா? இன்றைக்கு முடியாது. அன்றைக்கு அதில் வியப்பில்லை. அந்தக் காலத்து விழாக்கள் இயக்குநர்களை அழைக்கவில்லை, நாடுகளை அழைத்தன. அழைப்பு அரசாங்கத்துக்கோ தயாரிப்பாளர் சங்கத்துக்கோ போகும். எந்தப் படத்தை அனுப்புவது என்பது அவர்கள் பாடு. கப்பலேறிப் போன படப்பெட்டிக்குள் இருந்தது ஒருவருடைய கலை. பெட்டியின் மேல் ஒட்டியிருந்தது ஒரு நாட்டின் பெயர்.

அப்படியானால் பரிசு எதற்குக் கிடைத்தது, கலைக்கா நாட்டுக்கா? இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெனிஸ், கான், பெர்லின், கார்லோவி வாரி விழாக்கள் வழங்கிய பரிசுகளைத் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழுகிறது. பரிசுப் பட்டியலை மட்டும் படித்தால் பதில் கிடைக்காது. பரிசு கிடைத்த ஆண்டில் உலகத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

தொடக்கத்தில் வெனிஸ் இப்படி இல்லை. 1932 ஆகஸ்டில் லீடோ தீவிலுள்ள எக்ஸெல்சியர் ஹோட்டலின் மொட்டைமாடியில், கோடைக்காலச் சுற்றுலாவுக்குக் கூட்டம் சேர்க்கும் ஏற்பாடாகத்தான் விழா பிறந்தது. நடுவர் குழு இல்லை, கோப்பை இல்லை. பார்வையாளர்களிடம் வாக்கு வாங்கி, பிடித்த நடிகர் யார், நடிகை யார், இயக்குநர் யார் என்று அறிவித்தார்கள். சிறந்த இயக்குநராக அவர்கள் தேர்ந்தெடுத்தது நிகோலாய் எக் என்ற சோவியத்காரரை. பாசிச இத்தாலியில், பணக்கார விருந்தாளிகள் கூடிய மாடியில், ஒரு கம்யூனிஸ்ட் நாட்டுப் படத்துக்கு வாக்கு விழுந்தது. மக்களைக் கேட்டால் இப்படித்தான் விபரீதம் நடக்கும்.

இரண்டே ஆண்டில் அந்த விபரீதத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். 1934இல் ‘முசோலினி கோப்பை’ வந்தது. 1937இல் எல்லோரும் எதிர்பார்த்த ழான் ரெனுவாரின் ‘லா கிராண்ட் இல்யூஷன்’ படத்துக்கு அந்தக் கோப்பை கிடைக்கவில்லை. வேறொரு பரிசைக் கொடுத்துச் சமாளித்தார்கள். போரில் எதிரெதிர் அணியில் நிற்கும் மனிதர்களும் மனிதர்கள்தான் என்று பேசும் படத்துக்கு முசோலினி பெயரில் கோப்பை தருவது சங்கடம்தானே. 1938இல் சங்கடமும் இல்லாமல் போயிற்று. ஹிட்லர் ஆட்சியின் ஆதரவில் லேனி ரீஃபென்ஸ்டால் எடுத்த ‘ஒலிம்பியா’வுக்கும், முசோலினியின் மகன் விட்டோரியோ மேற்பார்வையிட்ட ‘லூச்சியானோ செர்ரா, பைலட்’ படத்துக்கும் கோப்பையைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். கூட்டாளிகள் இருவருக்கும் ஆளுக்குப் பாதி.

அந்த விழாவிலிருந்து கொதிப்போடு ரயிலில் பாரிஸ் திரும்பிய பிலிப் எர்லாஞ்சே என்ற பிரெஞ்சு அதிகாரியின் மனதில் உதித்ததுதான் கான் திரைப்பட விழா. அமைச்சர் ழான் ஜே ஆதரித்தார். தொடக்க நாள் 1939 செப்டம்பர் 1 என்று குறித்தார்கள். ‘நாட்டர்டாமின் கூனன்’ படத்துக்காகக் கடற்கரை மணலில் அட்டையாலேயே தேவாலயத்தின் மாதிரி ஒன்றைக் கட்டினார்கள். ஹாலிவுட் நட்சத்திரங்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள். அந்த செப்டம்பர் 1ஆம் தேதிதான் ஹிட்லரின் படைகள் போலந்துக்குள் நுழைந்தன. ‘கூனன்’ மட்டும் திரையிடப்பட்டதோடு விழா கலைந்தது. அரசியலிலிருந்து தப்பித்து ஓடிவந்த விழாவை அரசியல் வாசலிலேயே மடக்கியது.

கானில் உண்மையான முதல் விழா நடந்தது 1946 செப்டம்பர் இறுதியில். போரில் களைத்துப்போன ஐரோப்பா, அரைகுறை ஏற்பாடுகள். ஹிட்ச்காக்கின் ‘நட்டோரியஸ்’ படத்தின் ரீல்களை வரிசை மாற்றி ஓட்டிவிட்டார்கள். மர்மப் படத்தில் முடிச்சு அவிழ்ந்தபிறகு முடிச்சு விழுந்தால் பார்ப்பவர் கதி என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு முதல் பரிசான ‘கிராண்ட் பிரி’ 11 படங்களுக்குப் போனது. ரோஸலினியின் ‘ரோம், திறந்த நகரம்’ இத்தாலிக்கு, டேவிட் லீனின் ‘பிரீஃப் என்கவுன்டர்’ பிரிட்டனுக்கு, பில்லி வைல்டரின் ‘தி லாஸ்ட் வீக்எண்ட்’ அமெரிக்காவுக்கு. பிரான்ஸ், சோவியத் யூனியன், சுவீடன், டென்மார்க், சுவிட்சர்லாந்து, செக்கோஸ்லோவாகியா, மெக்சிகோ ஆகியவற்றுக்கும் ஒவ்வொன்று. பதினோராவது, இன்னும் சுதந்திரம் அடையாத இந்தியாவுக்கு. சேத்தன் ஆனந்தின் ‘நீச்சா நகர்’.

கானின் உச்சப் பரிசை வென்ற முதல் இந்தியப் படம் என்று இதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். பொய்யில்லை. ஆனால் பந்தியில் உட்கார்ந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் இலை போட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. அதனால் ‘நீச்சா நகர்’ மட்டம் என்று ஆகிவிடாது. மேட்டில் வாழும் பணக்காரன் தன் நிலத்துச் சாக்கடையைப் பள்ளத்தில் வாழும் ஏழைகளின் பக்கம் திருப்பிவிடும் கதை அது. ரவிசங்கர் இசையமைத்த படம். கானில் கொண்டாடப்பட்ட அதே படத்தை ஊரில் வாங்கித் திரையிட ஆள் கிடைக்கவில்லை. உலக நாடுகள் சபையைப் போல நடந்த விழா, வாய் திறக்க வேறு மேடையில்லாத ஒரு படத்துக்கு நாற்காலி போட்டது. இந்தக் கட்டுரை சொல்லவரும் சங்கதி இங்கேதான் இருக்கிறது. நாட்டுக்கொரு கோப்பை என்ற ஏற்பாடு பரிசின் மதிப்பைக் கெடுத்தது. ஆசியாவின் படங்களுக்குக் கதவைத் திறந்ததும் அதுவேதான்.

கெடுத்ததற்கு உதாரணங்கள் கொட்டிக் கிடக்கின்றன. 1953இல் வெனிஸ் நடுவர்கள் முதல் பரிசான தங்கச் சிங்கத்துக்குத் தகுதியான படமே இல்லை என்று கைவிரித்துவிட்டு, ஆறு படங்களுக்கு வெள்ளிச் சிங்கம் கொடுத்தார்கள். மிசோகுச்சியின் ‘உகெட்சு’ ஜப்பானிலிருந்து, ஃபெலினியின் ‘இ விட்டெலோனி’ இத்தாலியிலிருந்து, மற்றவை பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா, சோவியத் யூனியன். ஆறு சிங்கம், ஆறு நாடு. ‘உகெட்சு’வில் மூடுபனிக்குள் படகு நகரும் காட்சியைப் பார்த்தவர் எவரும் தங்கத்துக்குத் தகுதியில்லை என்ற தீர்ப்பைக் கேட்டுச் சிரிப்பார்.

அடுத்த ஆண்டு இன்னும் மோசம். 1954 போட்டியில் இருந்தவை: குரோசாவாவின் ‘ஏழு சாமுராய்கள்’, மிசோகுச்சியின் ‘சான்ஷோ’, ஃபெலினியின் ‘லா ஸ்ட்ராடா’, எலியா கஸானின் ‘ஆன் தி வாட்டர்ஃபிரண்ட்’, விஸ்கோன்டியின் ‘சென்ஸோ’. ஒரே பந்தலில் இத்தனை மாணிக்கங்கள் கூடியது அதற்குமுன் இல்லை. தங்கச் சிங்கம் போனது ரெனாட்டோ காஸ்டெலானியின் ‘ரோமியோ ஜூலியட்’ படத்துக்கு. இன்று அதைத் தேடிப் பார்ப்பவர் யார்? இத்தாலிக்குள்ளேயே கத்தோலிக்க அணி ஃபெலினிக்கும் இடதுசாரி அணி விஸ்கோன்டிக்கும் வரிந்துகட்டி நின்றன. பரிசளிப்பு அரங்கில் விசிலும் கைகலப்பும் நடந்தன. ‘லா ஸ்ட்ராடா’வுக்கும் அந்த இரண்டு ஜப்பானியப் படங்களுக்கும் ‘வாட்டர்ஃபிரண்டு’க்கும் வெள்ளி, ‘சென்ஸோ’வுக்கு எதுவுமில்லை.

பெர்லின் விழா பனிப்போரின் நேரடிக் குழந்தை. 1951 ஜூனில் டைட்டானியா பலாஸ்ட் அரங்கில், ஹிட்ச்காக்கின் ‘ரெபெக்கா’வோடு தொடங்கியது. யோசனை ஆஸ்கர் மார்டே என்ற அமெரிக்க ராணுவத் திரைப்பட அதிகாரியுடையது. கம்யூனிஸ்ட் கிழக்குக்கு நடுவே தீவாகக் கிடந்த மேற்கு பெர்லினில், சுதந்திர உலகத்தின் ஜன்னல் கண்ணாடியை அலங்கரிக்கும் வேலை அது. எல்லைக்கு அந்தப் பக்கம் செக்கோஸ்லோவாகியாவின் கார்லோவி வாரி விழா 1946 முதலே நடந்துவந்தது. 1959இல் மாஸ்கோ விழா வந்ததும் இரண்டும் ஆண்டுக்கு ஆண்டு முறைவைத்துக்கொண்டன. பெர்லினுக்குக் கரடி, கார்லோவி வாரிக்குப் படிக உருண்டை. இந்தியா எந்த அணியிலும் சேராததால் இரண்டு பக்கமும் பந்தி கிடைத்தது. 1957இல் ராஜ் கபூர் நடித்த ‘ஜாக்தே ரஹோ’ படிக உருண்டையை வென்றது. 1958இல் சாந்தாராமின் ‘தோ ஆங்கேன் பாரா ஹாத்’ பெர்லினில் வெள்ளிக் கரடி வாங்கியது.

எந்த நாடும் மனம் நோகக் கூடாது என்பது அன்றைய கானின் விதிகளில் ஒன்று. தன் மனதைப் புண்படுத்தும் படத்தைப் போட்டியிலிருந்து விலக்கும்படி ஒரு நாடு கேட்க முடிந்தது. 1956இல் இந்த விதி சந்திக்கு வந்தது. நாஜி வதைமுகாம்களைப் பற்றி அலென் ரெனே எடுத்த ‘இரவும் மூடுபனியும்’ என்ற ஆவணப்படத்தை விலக்க மேற்கு ஜெர்மனியின் தூதரகம் வற்புறுத்தியது. பிரான்ஸ் விலக்கிக்கொண்டது. எதிர்ப்புக் கிளம்பியபிறகு போட்டிக்கு வெளியே திரையிட்டார்கள். போட்டியிலிருந்து விரட்டப்பட்ட அந்த முப்பத்திரண்டு நிமிடப் படம், அந்த ஆண்டின் பரிசுப் படங்கள் பலவற்றைவிட நிலைத்து நிற்கிறது.

இனி ‘ரஷோமோ’னுக்குத் திரும்பலாம். ஜப்பானிலிருந்து ஒரு படம் வேண்டும் என்று வெனிஸ் கேட்டபோது, பொருத்தமான படத்தைத் தேடியவர் டோக்கியோவில் இத்தாலியப் பட நிறுவனம் ஒன்றின் பிரதிநிதியாக இருந்த ஜூலியானா ஸ்ட்ராமிஜோலி. ஜப்பானிய மொழியும் இலக்கியமும் கற்றவர், இத்தாலிய மொழி ஆசிரியை. அவர் ‘ரஷோமோ’னைப் பார்த்துவிட்டு இதுதான் என்றார். தயாரித்த டாயே நிறுவனத்துக்கு அதில் உற்சாகமில்லை. அதன் தலைவர் மசாயிச்சி நாகாதாவுக்குப் படமே புரியவில்லை. ஒரு கொலை, அதைப் பற்றி நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்கிறார்கள், எது உண்மை என்று கடைசிவரை யாரும் சொல்வதில்லை. இதை வெள்ளைக்காரனுக்கு அனுப்பி மானத்தை வாங்கிக்கொள்வதா என்ற தயக்கம். ஸ்ட்ராமிஜோலி விடவில்லை. பெட்டி போயிற்று.

அந்த ஆண்டு லீடோவில் எதிரே நின்றவை சாதாரணப் படங்கள் அல்ல. கஸானின் ‘எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்’, ராபர்ட் பிரெஸ்ஸோனின் ‘ஒரு கிராமத்துப் பாதிரியாரின் நாட்குறிப்பு’, ரெனுவார் வங்காளத்துக்கு வந்து எடுத்த ‘தி ரிவர்’. எல்லாவற்றையும் தாண்டிச் சிங்கம் ஜப்பானுக்குப் போனது. அதே செப்டம்பரில்தான் சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானோடு சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. தோற்ற நாட்டை மறுபடி சபையில் சேர்த்துக்கொள்ளும் மனநிலை நடுவர்களிடமும் இருந்திருக்கும் என்று எழுதுகிறவர்கள் உண்டு. இருந்திருக்கலாம். ஆனால் மரக்கிளைகளுக்கு நடுவே நேரே சூரியனைப் பார்த்துத் திரும்பிய காமிராவுக்கு எந்த உடன்படிக்கையின் சிபாரிசும் தேவைப்படவில்லை.

பரிசு வந்ததும் நாகாதா ஆளே மாறிப்போனார். புரியாத படத்தின் பெருமை முழுவதும் தன்னுடையதே என்று பேசத் தொடங்கினார். குரோசாவா தன் வாழ்க்கை வரலாற்றில் கசப்போடு இதைக் குறிப்பிடுகிறார். தன் தயாரிப்பாளர் ஆடிய இந்த நாடகத்திலும் ‘ரஷோமோன்’ கதை இருக்கிறது என்பது அவருடைய பார்வை. நாகாதா வியாபாரி. வழி தெரிந்துவிட்டது. ‘உகெட்சு’, ‘சான்ஷோ’, 1954இல் கானின் முதல் பரிசை வாங்கிய ‘நரக வாசல்’ என எல்லாம் டாயேவின் சரக்கு. எல்லாம் கிமோனோவும் வாளும் பழைய காலமும். இதில் நஷ்டப்பட்டவர் யசுஜிரோ ஓசு. பாயில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும் நடுத்தரக் குடும்பத்தை அவர் எடுத்த படங்கள் மேலைநாட்டாருக்குப் புரியாத அளவுக்கு ஜப்பானியத்தனமானவை என்று ஜப்பானியர்களே முடிவு கட்டிவிட்டார்கள். 1953இல் வந்த ‘டோக்கியோ கதை’ வெளியுலகத்தை எட்டப் பல ஆண்டுகள் பிடித்தன. நாடே தன் முகத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால், அலங்கரித்த முகம்தான் முதலில் போகும்.

அந்தச் சிங்கத்தின் கர்ஜனை சென்னைக்கும் கேட்டது. 1952 ஜனவரியில் இந்தியா தன் முதல் சர்வதேசத் திரைப்பட விழாவை பம்பாயில் தொடங்கி, சென்னை, டெல்லி, கல்கத்தா என்று ஊர் ஊராகக் கொண்டுபோனது. அதில் போட்டியும் இல்லை, பரிசும் இல்லை. ஆனாலும் பல பரிசு விழாக்களைவிடப் பலன் தந்த விழா அதுவே. டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ அங்கே பிமல் ராயை உலுக்கியது. அவர் எடுத்த ‘தோ பிகா ஜமீன்’ 1954இல் கானில் பரிசு பெற்றது. விழாவொன்றில் ‘ரஷோமோன்’ பார்த்த வீணை எஸ். பாலச்சந்தர் எடுத்தது ‘அந்த நாள்’. 1954இல் ஏ.வி.எம். வெளியிட்ட, பாட்டே இல்லாத தமிழ்ப் படம். ஒரு கொலை, ஆளுக்கொரு கதை. ஜப்பான் குண்டு போட்ட 1943 சென்னையில், ஜப்பானுக்கு உளவு சொல்லும் தேசத் துரோகியாக சிவாஜி கணேசன். ஜப்பானியப் படத்தைப் பார்த்த பாதிப்பில் ஜப்பானை எதிரியாக வைத்து ஒரு கதை. பாலச்சந்தர் இதை நினைத்துச் சிரித்தாரோ என்னவோ.

ஆறு ஆண்டு கழித்து சிவாஜியே ஒரு விழா மேடைக்குப் போனார். 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்துக்காகச் சிறந்த நடிகர் பரிசு அவருக்கும், சிறந்த இசைக்கான பரிசு ஜி. ராமநாதனுக்கும் கிடைத்தன. அந்த விழாவிலும் அரசியல் உண்டு. சூயஸ் கால்வாயை பிரிட்டனின் பிடியிலிருந்து மீட்டு நான்கு ஆண்டு ஆகாத நாசரின் எகிப்தில், வரி கேட்ட வெள்ளையனை எதிர்த்து வசனம் பேசும் பாளையக்காரனுக்குக் கைதட்டல் கிடைக்காமல் எப்படிப் போகும்? தமிழ் தெரியாத கூட்டத்துக்கும் அந்தக் குரலின் ஏற்ற இறக்கம் போய்ச் சேர்ந்தது என்பதுதான் நடிகரின் பங்கு.

வெனிஸில் 1956இல் விதி மாறியது. புதிதாக வந்த விழா இயக்குநர் ஃபுளோரிஸ் அம்மன்னாட்டி, நாடுகள் அனுப்புவதை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கத்தை நிறுத்தினார். விழாக் குழுவே படங்களைத் தேர்ந்தெடுக்கும் என்றார். அந்த ஆண்டு போட்டிக்கு எடுத்தது 14 படங்கள் மட்டும். தூதரகங்கள் முணுமுணுத்தன, ஹாலிவுட் முகம் சுளித்தது. நடுவர்கள் இரண்டு படங்களுக்கு இடையே சமமாகப் பிரிந்து நின்று, யாருக்கும் தங்கச் சிங்கம் இல்லை என்று கலைந்தார்கள். ஆனால் கோப்பையை ஆறாகக் கூறு போடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கல்கத்தாவில் அதே 1956இல் சத்யஜித் ரேயின் ‘அபராஜிதோ’ வெளியாகித் தோற்றது. அம்மாவை விட்டு நகரத்துக்குப் படிக்கப் போகும் அபு என்ற பையன் மெல்ல மெல்ல அவளிடமிருந்து விலகிப்போவதை வங்காளிகளால் ஜீரணிக்க முடியவில்லை. முந்தைய படமான ‘பதேர் பாஞ்சாலி’ நாட்டுக்கொரு கோப்பை முறையில் கானுக்குப் போய் வந்தது. இந்தியாவின் வறுமையை வெளிநாட்டுக்குக் காட்டுவதா என்று அதிகாரிகள் இழுத்தடிக்க, நேருவின் சம்மதத்தோடு 1956இல் அங்கே போனது. முதல் திரையிடலுக்கு நடுவர்களில் பலர் வரவில்லை. லிண்ட்சே ஆண்டர்சன், ஆந்த்ரே பஸான் போன்ற விமர்சகர்கள் போராடி மறுபடி திரையிட வைத்தார்கள். ‘சிறந்த மானுட ஆவணம்’ என்றொரு பரிசு கிடைத்தது. ஆவணம் என்ற சொல்லைக் கவனியுங்கள். பாராட்டினார்கள், கதைப்படம் என்று முழுமனதோடு ஒப்புக்கொண்டார்களா என்பது வேறு விஷயம். கானின் முதல் பரிசான தங்கப் பனை அந்த ஆண்டு கடலடி வாழ்க்கையைப் பற்றிய உண்மையான ஆவணப்படம் ஒன்றுக்குப் போனது.

1957இல் வெனிஸ் ‘அபராஜிதோ’வைத் தேர்ந்தெடுத்தது. நடுவர் குழுவின் தலைவர் ரெனே கிளேர். போட்டியில் குரோசாவாவின் ‘ரத்தச் சிம்மாசனம்’ இருந்தது, விஸ்கோன்டியின் ‘வெண்ணிற இரவுகள்’ இருந்தது, ஃபிரெட் ஜின்னமனின் ‘எ ஹேட்ஃபுல் ஆஃப் ரெயின்’ இருந்தது. தூண்டில் நரம்பு அறுந்த குரோசாவாபோல் ரே வீட்டில் இருக்கவில்லை, லீடோவுக்கே போயிருந்தார். தங்கச் சிங்கம் சொந்த ஊரில் ஓடாத படத்துக்கு வந்தது. விஸ்கோன்டிக்கு வெள்ளி.

வெனிஸில் பத்திரிகையாளர் ஒருவர் ரேயிடம் கேட்டார்: இரண்டு படம் ஆகிவிட்டதே, அபுவின் கதையை மூன்று படங்களாக எடுக்கும் திட்டமா? அப்படி ஒரு திட்டம் ரேயிடம் கிடையாது. ஆமாம் என்று சொல்லிவிட்டார். கல்கத்தாவுக்குத் திரும்பியபிறகுதான், அபுவின் கதையை எழுதிய விபூதிபூஷணின் நாவலில் இன்னொரு படத்துக்கு இடம் இருக்கிறதா என்று பக்கங்களைப் புரட்டத் தொடங்கினார். ‘அபுர் சன்சார்’ 1959இல் வெளிவந்தது.